சிநேகிதியின் பையனுக்காக

(எங்கள் தில்லிக் கிளையின் மாதாந்தரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன சுற்றறிக்கையில், நான் இன்று 'ஓபன் ஸ்கூல்' பற்றிப் பேசப்போவதாகக் காரியதரிசி போட்டிருந்தார். போட்ட நாலு நாளைக்குள் எனக்கு ஐந்து டெலிபோன். மயூர் விஹாரிலிருந்து இரண்டு, ராமகிருஷ்ணபுரத்திலிருந்து ஒன்று, புனேயிலிருந்து ஒன்று, எங்கேயிருந்து என்று சொல்லாமல் ஒன்று. ஐந்து பேரும் ஒரே மாதிரிதான் ஆரம்பித்தார்கள். "மாமி, என் சிநேகிதியோட பையனுக்காகக் கேக்கறேன்..." நமக்கெல்லாம் எத்தனை சிநேகிதிகள், அவர்களுக்கெல்லாம் எத்தனை பையன்கள் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஐந்தாவதாகக் கூப்பிட்டவர் பேச்சின் நடுவில் அழுதுவிட்டார். அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால் நான் சிநேகிதி கதை எதுவும் சொல்லப்போவதில்லை. என் பிள்ளையின் கதையையே சொல்கிறேன். அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "சொல்லும்மா, ஆனா கல்யாணத்துல நீ சொன்ன பொய்யையும் சேத்துச் சொல்லணும்" என்று நிபந்தனை போட்டிருக்கிறான். சொல்கிறேன்.

தில்லியில் முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து 2014இல் ஓய்வு பெற்றவள் நான். அப்படிப்பட்டவளுடைய பிள்ளை 2001இல் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்குப் பதினேழு வாங்கினான். சயன்ஸும் போயிற்று. அவன் படித்த பள்ளிக்கூடத்தில் (நான் வேலை பார்த்த பள்ளி இல்லை) எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, மிகவும் மரியாதையாகவே சொன்னார்கள். ஒன்று, ஒன்பதாவதையே திரும்பப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு போனால் 'பத்தாவதுக்குத் தேர்ச்சி' என்று போட்டுத் தருவார்கள். ஏன் என்று உங்களுக்குப் புரியும். பத்தாவது ரிசல்ட் நூற்றுக்கு நூறு என்று வாசலில் பேனர் கட்ட வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்கக்கூடியவர்களை ஒன்பதாவதிலேயே கழித்துவிடுவது. இது எல்லா ஊரிலும் நடக்கிறது. இன்றும் நடக்கிறது. நான் வேலை பார்த்த பள்ளியிலும் நடந்திருக்கிறது. அந்தப் பெற்றோர்கள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே நான் டிபன் சாப்பிட்டிருக்கிறேன்.

வேறு இரண்டு பள்ளிகளில் கேட்டோம். மார்க் ஷீட்டைப் பார்த்ததும் இடம் இல்லை என்றார்கள். என் அகத்துக்காரர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நான்தான் பேசினேன், பேசக்கூடாததை எல்லாம். அப்போது எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியை, ஒரு பஞ்சாபி அம்மாள், "கைலாஷ் காலனியில் நேஷனல் ஓபன் ஸ்கூல் இருக்கிறதே, போய்ப் பார்த்தாயா?" என்று கேட்டார். டீச்சராக இருந்தும் எனக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதைவிட, அது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை என்று நினைத்திருந்தேன் என்று சொல்வதுதான் உண்மை.

அந்த நிறுவனத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979இல் சி.பி.எஸ்.இ. ஒரு சிறிய திட்டமாக ஓபன் ஸ்கூலை ஆரம்பித்தது. 1989 நவம்பரில் மத்திய அரசு அதைத் தனி நிறுவனமாக ஆக்கி, நேஷனல் ஓபன் ஸ்கூல் என்று பெயர் வைத்தது. பரீட்சை நடத்தவும் சர்டிபிகேட் கொடுக்கவும் 1990இல் அதற்கு அதிகாரம் வந்தது. 2002இல் பெயர் மாறி, என்.ஐ.ஓ.எஸ். என்று இப்போது எல்லோரும் சொல்லும் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் ஆயிற்று. இன்று தலைமை அலுவலகம் நொய்டா 62வது செக்டரில் இருக்கிறது. ஆக இது டுடோரியலும் இல்லை, தபால் கோர்ஸும் இல்லை. சி.பி.எஸ்.இ. எப்படி ஒரு போர்டோ அப்படி இதுவும் ஒரு போர்டு. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழே இருக்கிற தன்னாட்சி நிறுவனம். உங்களில் பலருக்கு வேண்டியது இந்த ஒரு வாக்கியம்தான் என்று டெலிபோன் பேச்சிலிருந்து எனக்குத் தெரிந்தது.

அந்த மே மாத வெயிலில் நானும் பிள்ளையும் பஸ் மாறி கைலாஷ் காலனி போனோம். வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு சிப்பாயின் மனைவி, இடுப்பில் குழந்தையோடு. அவளுக்கு முன்னால் காலில் இரும்புப் பட்டை போட்ட ஒரு பெண். பின்னால் நாற்பது வயதிருக்கும் ஒரு டிரைவர், யூனிபாரத்தோடேயே வந்திருந்தார். பதவி உயர்வுக்குப் பத்தாவது வேண்டுமாம். ஒரு மணி நேரம் நின்றோம். திரும்பி வரும்போது பிள்ளை சொன்னான்: "அம்மா, அங்க யாரும் யாரையும் 'நீ எதுக்கு வந்தே'ன்னு கேக்கவேயில்லை, பாத்தியா?" நான் பார்க்கவில்லை. தெரிந்தவர்கள் யாராவது கண்ணில் படுகிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாடம் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் எனக்கு இரண்டாவது அடி. என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பத்தாவதுக்கு ஐந்து பாடம் எடுத்துத் தேற வேண்டும். குறைந்தது ஒரு மொழி கட்டாயம், அதிகபட்சம் இரண்டு மொழி. மிச்சத்தை நாமே பட்டியலிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம். கணக்கு கட்டாயம் இல்லை. என் பிள்ளை இங்கிலீஷ், ஹிந்தி, சமூக அறிவியல், பொருளாதாரம், மனையியல் என்று ஐந்தை டிக் அடித்தான். மனையியல்! அதுவும் கணக்கு இல்லாமல்! கணக்கு டீச்சர் பிள்ளை என்று ஊரே சிரிக்காதா? பேனாவைப் பிடுங்கப் போனேன். என் அகத்துக்காரர் ஒரு வாரம் கழித்து வாயைத் திறந்தது அப்போதுதான். "படிக்கப்போறது அவன். விடு."

இப்போது அந்தக் கல்யாணம். 2002 தை மாதம், திருச்சியில் என் நாத்தனார் பெண்ணுக்கு. பந்தியில், ஊஞ்சலில், நலங்கில், போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான், "பையன் என்ன படிக்கறான்?" நான், "பத்தாவது. சி.பி.எஸ்.இ. மார்ச்ல போர்டு எக்ஸாம்" என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் பக்கத்தில்தான் நின்றான். ஒரு மாமா அவன் முதுகில் தட்டி, "கணக்குல சென்டம் வாங்கிடுவே, அம்மா ஆத்துலயே இருக்காளே" என்றார். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். திரும்பும் ரயிலில், நாகபுரி தாண்டியிருக்கும், மேல் பெர்த்திலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஃபெயில் ஆனப்போகூட எனக்கு இவ்வளவு வெக்கமா இல்லேம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மேலே ஏறிப் படுத்துவிட்டான். தில்லி வரை நான் தூங்கவில்லை.

அதற்கப்புறம் யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் இரண்டு மூன்று தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு பழகிவிட்டது.

ஓபன் ஸ்கூல் என்றால் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாடத்திட்டம் மற்ற போர்டுகளுக்குச் சமமாகத்தான் இருக்கிறது. சுலபம் என்பது சேர்வதில் மட்டும்தான். முதல் மூன்று மாதம் என் பிள்ளை காலை பத்து மணி வரை தூங்கினான். மணி அடிக்க ஆளில்லை, அட்டென்டன்ஸ் இல்லை, பக்கத்து பெஞ்சில் யாரும் இல்லை. புத்தகங்கள் பிரிக்காத கட்டாக அலமாரியில் இருந்தன. நானோ காலை ஏழு மணிக்கு மற்றவர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தப் போய்க்கொண்டிருந்தேன். பிற்பாடு ஒரு ஸ்டடி சென்டரில் சனி, ஞாயிறு வகுப்பு எடுத்தபோது நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் இதையேதான் பார்த்தேன். அவர்களில் ஃபெயில் ஆனவர்களில் பாதிப் பேருக்குப் படிப்பு வராமல் இல்லை. படிக்க உட்காரவே இல்லை.

எங்கள் வீட்டில் இதைச் சரிசெய்தவர் என் அகத்துக்காரர். அவர் போட்ட ஏற்பாடு மூன்றே விஷயம். ஆறு மணிக்கு எழுந்து ஸ்நானம், சந்தி. எட்டிலிருந்து பதினொன்று வரை படிப்பு. சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வீட்டில் இருக்கக்கூடாது. கரோல் பாகில் அவர் சிநேகிதர் வைத்திருந்த ஸ்டேஷனரிக் கடையில் போய் உட்கார வேண்டும். கடைக்கு அனுப்புவதா என்று நான் சண்டை போட்டேன். ஆனால் அங்கேதான் பையன் நிமிர்ந்தான். எந்த நோட்டு எத்தனை டஜன் இருக்கிறது, எது தீரப்போகிறது, எதை முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும் என்று கையெழுத்தில் ஒரு ரிஜிஸ்டரே போட்டான். கூட்டல் தப்பே இருக்காது. பதினேழு மார்க் வாங்கிய பையன்!

2002 கடைசியில் மூன்று பாடம் எழுதி இரண்டில் தேறினான். 2003இல் மிச்ச மூன்றையும் முடித்தான். அந்த சர்டிபிகேட்டை என் அகத்துக்காரர் பூஜை அறையில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்தார். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் பிள்ளை வந்து, "அம்மா, அடிஷனல் சப்ஜெக்டா கணக்கு எழுதலாம்னு இருக்கேன். சொல்லித் தரியா?" என்றான். யாரும் அவனிடம் கேட்கவில்லை. கடையில் வட்டிக் கணக்கு ஒன்று புரியாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான் காரணம். ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தேன். ஐம்பத்தெட்டு மார்க் வாங்கினான். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் எத்தனையோ சென்டம் பார்த்திருக்கிறேன், அதில் எதுவும் எனக்கு இந்த ஐம்பத்தெட்டு மாதிரி இல்லை. இப்போது குருகிராமில் ஒரு கம்பெனியில் சரக்குக் கிடங்கு முழுவதற்கும் அவன்தான் பொறுப்பு.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. அவன் எண்களை மாற்றி எழுதுவான், 36ஐ 63 என்று. கவனக்குறைவு என்று நானே திட்டியிருக்கிறேன். கற்றல் குறைபாடு என்று ஒன்று உண்டு, அதைப் பரிசோதிக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. 2016 மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் இப்போது அதற்கு இடம் இருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ்.ஸிலும் முறையான சர்டிபிகேட் இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு. உங்கள் குழந்தை எழுத்தைப் புரட்டிப் புரட்டி எழுதினால், அடிப்பதற்கு முன் ஒரு நல்ல நிபுணரிடம் காட்டுங்கள்.

சரி, விதிமுறைகளுக்கு வருகிறேன். காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார்.

பத்தாவதில் சேரக் குறைந்த வயது 14, பன்னிரண்டாவதுக்கு 15. மேல் வரம்பு இல்லை. பத்தாவதில் சேர டி.சி. இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. இந்தப் படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று தானே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியை ஏற்றுக்கொள்கிறார்கள். வயதுக்கு ஆதாரம் மட்டும் வேண்டும். ஒரு தடவை சேர்ந்தால் ஐந்து வருஷம் செல்லும். அதற்குள் ஒன்பது பரீட்சை வாய்ப்புகள். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, தயாரானதை எழுதித் தேறிக்கொண்டே போகலாம். தேறிய பாடம் கணக்கில் நிற்கும். பரீட்சை வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல்-மேயில் ஒன்று, அக்டோபர்-நவம்பரில் ஒன்று. சி.பி.எஸ்.இ. பத்தாவதுக்கு 2026இலிருந்து வருஷத்துக்கு இரண்டு பரீட்சை வைக்க முடிவு செய்தபோது பேப்பரில் எல்லாம் பெரிய சீர்திருத்தம் என்று எழுதினார்கள். ஓபன் ஸ்கூலில் இது பழைய வழக்கம்.

வேறு போர்டில் எழுதி இரண்டு பாடத்தில் பாஸாகி மற்றதில் கோட் அடித்தவர்களுக்கு, அந்த இரண்டு பாட மார்க்கை இங்கே கொண்டுவந்து சேர்த்துக்கொள்ளலாம். மிச்ச மூன்றை மட்டும் எழுதினால் போதும். எந்தப் பாடத்துக்கு இது செல்லும் என்று சேரும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ் மார்க் 33. ஒவ்வொரு பாடத்திலும் வீட்டில் எழுதி அனுப்ப வேண்டிய அசைன்மென்ட் உண்டு, அதற்கு இருபது சதவீத மதிப்பு. பிள்ளைகள் அலட்சியம் செய்வது இதைத்தான். ஸ்டடி சென்டரில் நேரடி வகுப்பு நடக்கும். போவது கட்டாயமில்லை என்று எழுதியிருக்கும், ஆனால் போங்கள். சயன்ஸ் எடுத்தால் பிராக்டிகல் அங்கேதான். சேர்வதெல்லாம் இப்போது இன்டர்நெட்டிலேயே. பெண்களுக்குக் கட்டணம் குறைவு. ஆந்திரா, தெலங்கானா, கேரளா, ராஜஸ்தான் போன்ற மாநிலங்களில் மாநில அரசின் ஓபன் ஸ்கூல்களும் இருக்கின்றன. அங்கே இருக்கும் அங்கத்தினர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கணக்கை விடலாம் என்று சொன்னேனே தவிர, யோசிக்காமல் விடாதீர்கள். பத்தாவதில் கணக்கும் சயன்ஸும் இல்லை என்றால் பிற்பாடு சில கதவுகள் சாத்திக்கொள்ளும். பதினைந்து வயதுப் பையனுக்கு அது தெரியாது. எதையாவது விடுவதற்கு முன், அவன் போக நினைக்கும் படிப்புக்கோ வேலைக்கோ என்ன கேட்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே விசாரியுங்கள். இன்ஜினீயரிங் ஜே.இ.இ.க்கு என்.ஐ.ஓ.எஸ். பன்னிரண்டாவது செல்லும், ஐந்து பாடத்தோடு தேறியிருக்க வேண்டும். டாக்டர் படிப்புக்கு நீண்ட நாள் தகராறு இருந்தது. ஓபன் ஸ்கூல் மாணவர்கள் நீட் எழுதக்கூடாது என்று மருத்துவக் கவுன்சில் வைத்திருந்த விதியை 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு தேசிய மருத்துவ ஆணையமும் ஏற்றுக்கொள்ள, 2024இல் உச்ச நீதிமன்றத்தில் அந்த வழக்கு முடிந்தது. ஆகவே 'ஓபன் ஸ்கூல்னா டாக்டர் ஆக முடியாது' என்று உங்களிடம் யாராவது சொன்னால், அது பழைய பஞ்சாங்கம்.

எச்சரிக்கை ஒன்று. 'பாஸ் கியாரண்டி' என்று போர்டு போட்டுக்கொண்டு சந்துக்குச் சந்து ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் அங்கத்தினர் ஒருவரே அப்படி ஒரு இடத்தில் நாற்பதாயிரம் கொடுத்தார். பையன் புத்தகத்தைத் தொட வேண்டாம், பரீட்சையன்று வந்து உட்கார்ந்தால் போதும் என்றார்களாம். கடைசியில் அட்மிஷனே போடவில்லை. ஒரு வருஷம் போயிற்று. நிஜமான கட்டணம் அதில் ஒரு சிறு பங்குதான். அதையும் நீங்களே நேராகக் கட்டுங்கள். என்.ஐ.ஓ.எஸ். மாதிரியே காதில் விழுகிற பெயர்களோடு போலி போர்டுகளும் இருக்கின்றன. ஜாக்கிரதை.

இனி, நம்மவர்களுக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று. பாடசாலையில் அத்யயனம் பண்ணுகிற பிள்ளைகள். உபநயனம் ஆனதும் எட்டு வயதில் போனால், முடித்து வரும்போது பதினாறு, பதினேழு ஆகிறது. வேதம் முழுக்க மனப்பாடம், ஆனால் கையில் பத்தாவது சர்டிபிகேட் இல்லை. வாத்தியார் பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்று சங்கக் கூட்டங்களில் வருத்தப்படுகிறோம், தீர்மானம் போடுகிறோம். என்.ஐ.ஓ.எஸ். பத்தாவதில் சமஸ்கிருதம் இருக்கிறது, வேத அத்யயனம் என்றே ஒரு பாடம் இருக்கிறது, சமஸ்கிருத வியாகரணம், பாரதிய தர்சனம் எல்லாம் இருக்கின்றன. பதினான்கு வயது ஆனவுடன் பாடசாலையில் இருந்தபடியே பிள்ளை இதை எழுதலாம். கூட இங்கிலீஷும் ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளட்டும். பாடசாலை நடத்தும் பெரியவர்கள் சிலரிடம் சொன்னேன். ஒருவர், "லௌகிகம் புகுந்துடும்" என்றார். அவரிடம் வாதம் பண்ண எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் கேட்டுப் பார்க்கலாம். கர்நாடக சங்கீதமும் பத்தாவதில் ஒரு பாடம். கச்சேரி, போட்டி என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதியே களைத்துப்போன அம்மாக்கள் கவனிக்கவும்.

கடைசியாக ஒரு மாமியைப் பற்றி. பெயர் சொல்லமாட்டேன். நம்மில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறோம்.

தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமத்தில் எட்டாவது வரை படித்தவர். பெரியவள் ஆனதும் நிறுத்திவிட்டார்கள். கல்யாணம் பண்ணி தில்லிக்கு வந்து, கணவர் போனபின் சமையலுக்கு இறங்கி இரண்டு குழந்தைகளை ஆளாக்கினார். எங்கள் வீட்டு சுமங்கலிப் பிரார்த்தனைக்குச் சமைக்க வந்தவர், பாத்திரம் ஒழித்துப் போட்டுவிட்டு என்னிடம் கேட்டார். ஒரு பெண்கள் ஹாஸ்டலில் மெஸ் சூப்பர்வைசர் வேலை காலியாம், அடுப்படியில் நிற்க வேண்டாம், ஆனால் பத்தாவது பாஸ் கேட்கிறார்களாம். "நாப்பத்தாறு வயசுல சேத்துப்பாளா?" கூடவே, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ" என்றார்.

தமிழும் மனையியலும் உட்பட ஐந்து பாடம் எடுத்துக் கொடுத்தேன். தில்லியில் தமிழில் வகுப்பு எடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் மத்தியானங்களில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் பள்ளிக்கூடம். மனையியல் புத்தகத்தில் உணவைக் கெடாமல் பாதுகாக்கும் முறைகள் என்று பாடம் வந்தபோது, "வடாம் பிழியறதுக்கும் ஆவக்கா போடறதுக்குமா பரீட்சை வெக்கறா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. முப்பது வருஷமாகப் பேனா பிடிக்காத கை. பத்து வரி எழுதினால் விரல் மடங்காது. அதனால் தினம் ஒரு சமையல் குறிப்பை முழு வாக்கியமாக எழுதி வரச் சொன்னேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வத்தக்குழம்பு மட்டும் மூன்று பக்கம்.

முதல் நாள் பரீட்சைக்குப் போனபோது வாசலில், "குழந்தையை உள்ளே அனுப்பிட்டு நீங்க வெளியில் உட்காருங்கம்மா" என்று ஹிந்தியில் சொன்னார்களாம். ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். பக்கத்து நாற்காலிப் பெண், "ஆன்ட்டி, பயப்படாதீங்க" என்று தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாளாம். முதல் தடவை ஒரு பாடம் போயிற்று. அடுத்த தடவை அதையும் வாங்கிவிட்டார். இப்போது அந்த ஹாஸ்டலில் நூற்றிருபது பெண்களுக்கு மெனு போடுகிறார். பன்னிரண்டாவதுக்கும் ஃபாரம் கேட்டிருக்கிறார். "இப்ப யார்கிட்ட வேணும்னாலும் சொல்லுங்கோ" என்கிறார், ஆனாலும் பெயர் வேண்டாம் என்று நான்தான் வைத்துக்கொண்டேன்.

மணி ஆகிவிட்டது, உள்ளே காபி வாசனை வருகிறது. பின்னால் மேஜையில் பாட விவரக் குறிப்பும், நான் தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்த இரண்டு பக்கத் தாளும் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். நான் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எல்லோர் எதிரிலும் கேட்கத் தயக்கமாக இருப்பவர்கள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் செய்யலாம், நம்பர் காரியதரிசியிடம் இருக்கிறது. சிநேகிதியின் பையனுக்காகக் கேட்பதானாலும் சரி. பையனையே பேசச் சொன்னால் இன்னும் சௌகரியம்.